நாலு வாரத்தைத் தாண்டிய இருமல்: டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டில் ஏழு மாதம் ‘சளி’ என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டினோம். பையனுக்கு அப்போது இரண்டரை வயது. இருமினால் சளி, மூக்கு ஒழுகினால் சளி. ராத்திரி எழுந்து வாந்தி எடுத்தால், “சளிதானே வெளியே வருது, நல்லதுக்குத்தான்” என்பார் மாமியார். மருந்து கொடுத்தால் ஐந்து நாளில் அடங்கும், பத்தாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும். மூன்று இடத்தில் காட்டினோம். நாலாவதாகப் பார்த்த டாக்டர், ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன்னே மூன்று கேள்வி கேட்டார். இருமல் ஆரம்பித்தது எப்போது? வறட்டு இருமலா, சளி இருமலா? நடுவில் ஒரு வாரமாவது இருமலே இல்லாமல் இருந்தானா? மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி பகலாகக் கூடவே இருந்தவள் நான்.

அந்த மூன்று கேள்விக்கும் பதிலோடு போவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையும் இல்லை. ஆனால் டாக்டருக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷமும், பயந்து அழும் ஒரு குழந்தையும்தான். ராத்திரி இரண்டு மணி நம்மிடம்தான் இருக்கிறது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். நுரையீரலின் காற்றுப் பைகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்குப் பிறகும் நுரையீரல் இருபது வயதைத் தாண்டும் வரை வளர்ந்துகொண்டே போகும். இந்தக் காலத்தில் மூச்சுக்குழாயில் சளி மாதக்கணக்கில் தேங்கிக் கிருமி குடியேறினால், குழாயின் சுவர் தளர்ந்து விரிந்துவிடும். இதற்கு பிராங்கியெக்டாசிஸ் என்று பெயர். பெரியவர்களிடம் இது பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடும். குழந்தைகளிடம் ஆரம்ப நிலையிலேயே பிடித்துச் சரியாக வைத்தியம் பார்த்தால், விரிந்த குழாய் பழைய நிலைக்குத் திரும்பவும் வாய்ப்பு உண்டு.

காத்திருக்கக் கூடாத நேரம்

மற்றதைச் சொல்வதற்கு முன் இது. கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்திருப்பது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது. பால் குடிக்கவோ பேசவோ முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவது. எழுப்பினாலும் துவண்டு விழுவது. இருமலில் ரத்தம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, அதிலிருந்து தொடங்கிய இருமல். மூச்சு திணறினால் 108, மற்றதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முதல் வேலை: காலண்டர்

பிளே ஸ்கூலுக்குப் போகும் குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் பத்து நாள் இருக்கும், இருமல் மட்டும் சில சமயம் மூன்று வாரம் வரை இழுக்கும். இப்படிக் கணக்குப் போட்டால் மழைக்காலம் முழுக்கவே இருமுகிற மாதிரிதான் தெரியும். அதனால் இருமலின் எண்ணிக்கையை விட இடைவெளியைப் பாருங்கள். ஒரு சளிக்கும் அடுத்த சளிக்கும் நடுவே இருமலே இல்லாத நாட்கள் வருகின்றனவா? வந்தால் பெரும்பாலும் பயமில்லை. தினமும் இருமல், 4 வாரத்துக்கு மேல், ஒரு நாள்கூட விடாமல் என்றால் அதைத்தான் குழந்தை மருத்துவத்தில் நாள்பட்ட இருமல் என்கிறார்கள். பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு 8 வாரம். குழந்தைக்குப் பாதிதான்.

காஸ் கம்பெனிக்காரர் கொடுத்த காலண்டரே போதும். இருமல் இருந்த நாளில் ஒரு கோடு, ராத்திரி எழுந்து இருமினால் இரண்டு கோடு, காய்ச்சல் இருந்தால் ஒரு வட்டம். மருந்து ஆரம்பித்த நாளும் நிறுத்திய நாளும் கட்டாயம் வேண்டும். ஏழு மாதத்தில் ஐந்து தடவை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறோம், ஒன்றைக்கூட ஐந்து நாளுக்கு மேல் கொடுக்கவில்லை என்பது பழைய சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

கடையில் சொல்லி இருமல் சிரப் வாங்குவதை இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. மத்தியப் பிரதேசத்தில் கலப்பட சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்ததை ஒட்டி வந்த அறிவிப்பு அது. கலப்படமே இல்லாவிட்டாலும், காரணம் தெரியாமல் இருமலை அமுக்குவதால் நாம் இழப்பது நாட்களைத்தான்.

இரண்டாவது: காது கொடுத்துக் கேட்பது

எல்லாவற்றிலும் முக்கியமான பிரிவு இது, நான் தவறவிட்டதும் இதைத்தான். வறட்டு இருமல் ஒரு வழி, சளி இருமல் இன்னொரு வழி.

“சளியே துப்பலையே, அப்போ வறட்டு இருமல்தானே” என்று நினைத்திருந்தேன். ஐந்தாறு வயது வரை குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் துப்பலை வைத்து முடிவு செய்யக் கூடாது. காலையில் தூங்கி எழுந்ததும் வரும் முதல் இருமலைக் கேளுங்கள். முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. உள்ளே ஏதோ ஈரமாக நகர்வது போலக் கையிலேயே தெரியும். அந்த ‘கொறகொற’ நெஞ்சிலிருந்து வருகிறதா, மூக்கிலிருந்து வருகிறதா என்று சந்தேகமாக இருந்தால், மூக்கை உப்புநீர் சொட்டு விட்டுச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

தினமும் சளி இருமல், நாலு வாரத்துக்கு மேல், ஆனால் குழந்தை மற்றபடி ஓடியாடி விளையாடுகிறது என்றால், டாக்டர் முதலில் யோசிக்க வேண்டியவற்றில் ஒன்று மூச்சுக்குழாயில் விடாமல் தங்கியிருக்கும் பாக்டீரியா தொற்று. இதைத் தனி நோயாக அடையாளம் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் மருத்துவர்கள், 2006இல். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆஸ்துமா என்று தப்பாகப் பெயர் வாங்கிக்கொண்டே இருக்கும் நோய் இது. சரியான ஆன்டிபயாடிக்கைக் குறைந்தது 2 வாரம் தொடர்ந்து கொடுத்தால் இருமல் நின்றுபோகும், நின்றதே நோயை உறுதியும் செய்யும். என் பையனுக்கு இருந்தது இதுதான். பதினோராம் நாள் காலை வீடு அமைதியாக இருந்தது, என்னமோ ஏதோ என்று பயந்துபோய் அவனைத் தொட்டுப் பார்த்தேன். 4 வாரம் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் சாதாரணத் தொற்று என்று விடக் கூடாது, மேல்பரிசோதனை தேவை.

வறட்டு இருமல் என்றால் கேள்விகள் வேறு. ராத்திரியிலும் விடியற்காலையிலும் அதிகமா? ஓடினால், சிரித்தால், அழுதால் வருகிறதா? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி, தோல் அரிப்பு உண்டா? இவை ஆஸ்துமாவின் பக்கம் கை காட்டுபவை. மூச்சு விடும்போது விசில் மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் அதுதான் வீசிங், நம் ஊரில் இழுப்பு என்போம். நாம் கொறகொறப்பு எல்லாவற்றையும் வீசிங் என்றே சொல்லிவிடுகிறோம். டாக்டரும் அதையே எழுதிக்கொண்டால் வைத்தியம் திசை மாறிவிடும். அதனால் பெயர் சொல்லாதீர்கள், செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி, டிவியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் எடுத்தால் போதும்.

இன்னும் சில சத்தங்கள் உண்டு. பகலெல்லாம் குரைப்பது போல இருமிவிட்டுத் தூங்கினால் அறவே நின்றுபோனால் அது பழக்க இருமலாக இருக்கலாம். தொடர்ந்து இருமி முகம் சிவந்து, கடைசியில் ‘ஊப்’ என்று மூச்சை இழுத்தால் கக்குவான். பால் குடிக்கும்போதோ சாப்பிடும்போதோ மட்டும் இருமினால், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது: மூச்சை எண்ணுவது

குழந்தை தூங்கும்போது எண்ணுங்கள். அழுதபிறகோ, காய்ச்சல் இருக்கும்போதோ எண்ணினால் கணக்கு ஏறித்தான் இருக்கும். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது குழந்தைகளுக்குச் சரிவராது, அவர்கள் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. திடீரென்று இப்படி ஆனால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். நல்லா இருக்கும்போதும் வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அது வேறு கதை, காலண்டரில் எழுதிக்கொண்டு போங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. பெரியவர் விரலுக்கான கிளிப் சின்னக் குழந்தை விரலில் சரியாக உட்காராது. எண் அலைபாயாமல் நின்றால்தான் கணக்கு. விழித்திருக்கும்போது 94க்குக் கீழேயே நின்றால் டாக்டர், 90க்குக் கீழே என்றால் 108. ஆனால் 98 காட்டுகிறது, அதனால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோய்கள் பலவற்றில் ஆக்சிஜன் கடைசியில்தான் குறையும்.

நான்காவது: விரல் நுனியும் எடையும்

குழந்தையின் இரண்டு கைகளிலும் ஒரே விரலை எடுத்து, நகத்தோடு நகம் படும்படி முதுகுப்பக்கமாக ஒட்டி வையுங்கள். நகம் தொடங்கும் இடத்தில் வைர வடிவத்தில் ஒரு சின்ன ஜன்னல் தெரிய வேண்டும். அது அடைபட்டு, விரல் நுனி உருண்டு முரசடிக்கும் குச்சி போல இருந்தால், நெடுநாளாக நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இந்தச் சோதனையைச் சொன்னவர் லியோ ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர். 1976இல், தனக்கே இதயத்தின் உள்சுவரில் தொற்று வந்தபோது தன் விரல்கள் மாறியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

எடைக்கு அங்கன்வாடித் தராசும் தாய் சேய் அட்டையில் உள்ள வளைகோடும் போதும். இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்துக்கிடந்தால், இருமலோடு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “எங்க பரம்பரையே ஒல்லிதான்” என்ற சமாதானம் இந்த இடத்தில் வேண்டாம்.

ஐந்தாவது: பழைய கதையைத் தோண்டுவது

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நமக்கு எல்லாம் மறந்துபோகும். முந்தின நாளே உட்கார்ந்து எழுதுங்கள்.

எப்போதாவது புரையேறியதா? நம் ஊரில் வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீதாப்பழ விதை மூன்றும் பேர்போனவை. புரையேறி, இருமி, அடங்கியதும் “போயிடுச்சு” என்று விட்டுவிடுவோம். வேர்க்கடலை மூச்சுக்குழாயில் ஊறி உப்பும், அதன் எண்ணெய் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது, படம் சுத்தமாகக்கூட இருக்கலாம். புரையேறியதை நேரில் பார்த்தவர் அழுத்திச் சொன்னால்தான் பிராங்கோஸ்கோபி செய்து உள்ளே பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்த நாள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள்.

குறைமாதத்தில் பிறந்து, ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ வைத்த குழந்தையா? டிஸ்சார்ஜ் சீட்டில் பிபிடி (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு) என்று இருக்கிறதா? அப்படிப்பட்ட நுரையீரல் பலவீனமாகவே தொடங்குகிறது, இவர்களுக்கு நாலு வாரம் என்ற கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில், பக்கத்தில், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் தாத்தா பாட்டியில் யாருக்காவது கடந்த இரண்டு வருஷத்தில் காசநோய் இருந்ததா? இதை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இன்றும் உண்டு. 2 வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், எடை குறைவு, இப்படி ஒரு தொடர்பு என்றால் நாலு வாரம் காத்திருக்கவே கூடாது. நம் பக்கம் குழந்தைகளின் காசநோய்க்கு ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று பேர் வைத்துப் பேசுவார்கள். கையில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மாண்டூ சோதனையை மட்டும் நம்பி ஆறு மாத மாத்திரை தொடங்குவதற்கு முன், சளியில் காசநோய்க் கிருமியையே தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். துப்பத் தெரியாத குழந்தைக்கு, விழுங்கிய சளியை வயிற்றிலிருந்து காலையில் குழாய் வழியாக எடுத்துச் சோதிப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம், 1800-11-6666 என்ற இலவச எண்ணில் விவரம் கிடைக்கும்.

சொந்தத்தில் கல்யாணமா? இது யாரையும் குற்றம் சொல்லக் கேட்பதில்லை. சளி கெட்டியாகித் தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் பிறவியிலேயே அசையாத நோய் இரண்டும், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் உண்டாகுபவை. முதலாவது இருந்தால் குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும், மலம் எண்ணெய்ப் பசையோடு நாறும், கோடையில் உப்பு வற்றித் துவண்டுவிடும். 1948இல் நியூயார்க்கில் அடித்த கடும் வெயிலில் இந்தக் குழந்தைகள் மயங்கி விழுந்ததைப் பார்த்துத்தான் வியர்வையில் உப்பு அதிகம் என்பதையே பால் டி சான்ட் அக்னீஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். இன்றும் அதே வியர்வைச் சோதனைதான். வலிக்காது, குளோரைடு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். வெள்ளைக்காரர் நோய் என்று இதை ஒதுக்கிய காலம் இருந்தது, இங்கேயும் இருக்கிறது. இரண்டாவது நோயில், முழு மாதத்தில் பிறந்தும் முதல் நாளே மூச்சுத்திணறல், பிறந்ததிலிருந்து அடைத்த மூக்கு, அடிக்கடி காதில் சீழ் என்று கதை போகும். சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும்.

கடைசியாக, வீட்டுப் புகையும் எண்ணெயும். பீடி சிகரெட், விறகடுப்பு, கொசுவர்த்தி மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். தலைக்கு ஊற்றியதும் காட்டும் சாம்பிராணியை யாரும் சொல்வதில்லை, மனசு கேட்காது. அதையும் நிறுத்துங்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது அதைவிட மோசம். தண்ணீர் போனால் இருமல் வரும், எண்ணெய் போனால் இருமல்கூட வராமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். பாட்டி மனசு நோகுமே என்று இதை டாக்டரிடம் மறைத்தால், படத்தில் தெரியும் நிழலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதுதான்.

ஆறாவது: டாக்டர் அறையில்

காலண்டர், வீடியோ, எடை அட்டை, பழைய சீட்டுகள், எடுத்த எக்ஸ்ரே எல்லாம் ஒரே பையில். “சளி இருமல், 6 வாரமா தினமும், நடுவுல ஒரு நாள்கூட விடலை” என்று ஒரே வரியில் தொடங்குங்கள்.

முதல் கட்டத்தில் பெரும்பாலும் மார்பு எக்ஸ்ரே. ஐந்தாறு வயதுக்கு மேல் என்றால் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் கேட்டுப் பெறலாம். அதைவிடச் சின்னவர்களுக்கு ஒழுங்காக ஊத வராது. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் மூச்சுக்குழாய் விரிவு இல்லை என்று ஆகிவிடாது, ஆரம்பத்தில் அது சிடி ஸ்கேனில்தான் தெரியும். அதற்காக முதல் நாளே சிடி கேட்க வேண்டாம், கதிர்வீச்சு அதிகம். வைத்தியத்துக்கு மசியாத சளி இருமல், விரல் நுனி உருள்வது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா, இவற்றில் ஒன்று இருந்தால் கேட்கலாம்.

ஆஸ்துமா என்று சொன்னால் பயப்படவும் வேண்டாம், உடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். இன்ஹேலரை ஸ்பேசரோடு (மருந்தை நிரப்பி உறிஞ்ச வைக்கும் பிளாஸ்டிக் குழல்) கொடுப்பதுதான் சரி. பழகிவிடும், அடிமையாகிவிடும் என்பது பொய்ப் பயம். தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரால் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம், அடிக்கடி மூச்சு திணறுவதோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை. ஆனால், “எத்தனை வாரத்தில் மாற்றம் தெரியணும்? தெரியலைன்னா அடுத்து என்ன பார்ப்பீங்க?” என்ற இரண்டையும் அன்றைக்கே கேட்டு, தேதியை எழுதிக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். சரியாக உறிஞ்சியும் பலன் இல்லை என்றால், டோஸை ஏற்றுவதற்கு முன் ஆஸ்துமாதானா என்று மறுபடி யோசிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கே போவது என்றால், பக்கத்தில் உள்ள குழந்தை டாக்டரோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும், எடுத்த எடுப்பில் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் டாக்டர் குழு வரும். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் மூச்சிழுப்பும் இருக்கிறது. டீச்சரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பிள்ளையைத் தனியாகக் காட்டலாம். மேல்சிகிச்சைக்குச் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இருமல் நின்ற பிறகும் காலண்டரை எடுத்து வைத்துவிடாதீர்கள். என் பையனுக்கு நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தது. ஒரே வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் சிடி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வருஷம் இரண்டோடு நின்றது. இரண்டாவது தடவை டாக்டரிடம் போனபோது இருமல் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது, தேதியைப் பார்த்துத்தான் சொன்னேன்.